கலனுக்குள் ஒரு மாற்றாள்

மார்ச் 4

இணை இயக்குநர் அவர்களுக்கு,

ஐயா,

நம் இருவர் பெயரிலும் பதிவாகியுள்ள நிறுவனத்தின் மற்றோர் இயக்குநர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நாம் மைத்துனர் உறவுடையவர்கள் என்பதைத் தயவுசெய்து இக்கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை மறந்திருங்கள். என் முறையீடுகள் வருமாறு:

1. செப்டம்பர் 9. என் வரிக் கணக்கைப் பார்ப்பவராக என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "வரி விதி மாறிடுச்சு அத்தான், இனிமே உங்களுக்கு மூணே வழிதான்" என்றீர்கள். ஆள்வழங்கும் நிறுவனம் ஒன்றின் சம்பளப் பட்டியலில் சேர்ந்து, வரி பிடித்ததுபோக வருவதை வாங்கிக்கொள்வது ஒன்று. சொந்த நிறுவனம் தொடங்கி, நான் ஆலையின் ஊழியன் அல்லன் என்று வரித் துறைக்கு நிரூபிப்பது இரண்டு. வேலையை விடுவது மூன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள். அதில் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை.

2. செப்டம்பர் 30. ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை என்னை மேற்பார்வை செய்யாது. என் பாதுகாப்புக்கு என் நிறுவனமே பொறுப்பு. எனக்குப் பதிலாக எந்த நேரமும் ஒரு மாற்றாளை அனுப்பலாம். இவை எதற்கு என்று கேட்டேன். "சும்மா ஒப்புக்குப் போடறது அத்தான். ஆபீசர் கண்ணுல படணும், அவ்வளவுதான்" என்றீர்கள். மாற்றாளின் பெயரைக் கொடுக்க ஓர் இயக்குநரின் கையெழுத்துப் போதும் என்பதையும், அதைத் திரும்பப் பெறவோ ஒப்பந்தத்தை முடிக்கவோ இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பதையும் நான் பின்னால்தான் படித்தேன். அது என் தவறு. இந்தப் பட்டியலில் என் தவறு அது ஒன்றே.

3. அக்டோபர் 14. ஆலை என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டது. அட்டை வைத்திருப்பவன் ஊழியன் என்று வரித் துறை கருதுமாம். நான் இரசாயனக் கலன்களுக்குள் இறங்கி, சுவர் எங்கே அரித்திருக்கிறது என்று அளந்து சான்று கொடுப்பவன். கலனின் வாயருகே ஒரு பலகை உண்டு. இறங்குபவர் தம் அட்டையை அதில் மாட்டிவிட்டு இறங்குவார். பலகையில் அட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். அட்டை இல்லாதவன் எதை மாட்டுவது என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் விசிட்டிங் கார்டு அச்சடித்துக் கொடுத்தீர்கள். பொன்னெழுத்தில்.

4. நவம்பர் 20. நான் இறங்குமுன் கலனின் காற்றைச் சோதித்துத் தரும் ஆலை ஊழியரும், நான் உள்ளே இருக்கும்வரை வாயருகே நிற்கும் காவலரும் விலக்கப்பட்டனர். அந்தக் காவலரை ஆலையில் எல்லோரும் 'வாசப்படி' என்றே அழைப்பார்கள். பதினோர் ஆண்டுகளாக என் தலைக்குமேல் நின்றவர். அவர் நிற்பது 'மேற்பார்வை' என்று ஆலையின் வழக்கறிஞர் கருத்துச் சொன்னார். அந்தக் கருத்தைக் கேட்டு வாங்கியவர் நீங்கள்.

5. ஜனவரி 17. கலனுக்குள் இருந்தேன். வாயருகே நிற்க நீங்கள் அனுப்பியவர் உங்கள் அலுவலக எழுத்தர். விசிட்டிங் கார்டைப் பலகையில் மாட்டியிருந்தேன். ஷிப்ட் மேற்பார்வையாளர் அதை ஏதோ விளம்பரம் என்றெண்ணி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எழுத்தரை வருகைப் பதிவில் கையெழுத்திட வரும்படி ஆலையின் வாயிற்காவலர் கூப்பிட்டிருந்தார், எழுத்தரும் போய்விட்டார். பலகை காலி, ஆகவே கலன் காலி. மூடியை ஏற்றி வைத்து முதல் போல்ட்டை முறுக்கத் தொடங்கினார்கள். மூடியதும் அந்தக் கலனில் நைட்ரஜன் நிரப்புவது வழக்கம். நைட்ரஜனுக்கு மணமில்லை, இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். என் அளவுக் கருவியால் சுவரை அடித்தேன். கருவி உடைந்தது. அதன் பிறகு வெளியே ஒரு குரல், "டேய், உள்ள எலி இருக்குடா" என்றது. நான் உயிரோடிருப்பது அந்த மனிதர் எலிகள்மேல் கொண்ட அக்கறையால்.

6. ஜனவரி 19. இதை உங்களிடம் சொன்னேன். "நல்லவேளை, வரி ஆபீசர் அன்னிக்கு வரலை" என்றீர்கள். வாக்குவாதம் முற்றி நீங்கள் எழுந்து போகையில், "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல. ரெண்டு டைரக்டர் எழுதிக்கிட்டாதான் கம்பெனி நிஜம்னு தெரியும்" என்றும் சொன்னீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

7. மார்ச் 1. இந்த ஏற்பாட்டில் இனி இறங்கமாட்டேன் என்று நான் சொல்லியிருந்தும், ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்க ஏப்ரல் 12 அன்று தொடங்கும் ஷட்டவுனுக்கு என் மாற்றாளாக ஒரு பெயரை என்னைக் கேளாமல் ஆலைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மகளின் பெயர்.

ஏழாவதைத் தவிர மற்றவற்றை நான் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பெயரைத் திரும்பப் பெறும் மனுவில் நான் கையெழுத்திட்டு இத்துடன் வைத்துள்ளேன். கீழே உங்கள் இடம் காலியாக இருக்கிறது.

மார்ச் 11 மாலைக்குள் எழுத்து மூலம் பதில் வரவேண்டும்.

இங்ஙனம்,
இயக்குநர்


மார்ச் 10

அன்புள்ள அத்தானுக்கு,

'ஐயா' என்று என்னை அழைத்து உங்களிடமிருந்து வரும் முதல் கடிதம். அக்காவுக்குக் காட்டினீர்களா? காட்டியிருந்தால் சிரித்திருப்பாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாம் முறை பயம் வந்தது, மூன்றாம் முறை 'நம்மை இவ்வளவு மட்டமாக நினைக்கிறாரே' என்று வருத்தமாகிவிட்டது.

ஜனவரியில் நான் சொன்ன வார்த்தை தவறு. ஒப்புக்கொள்கிறேன். அந்த எழுத்தரை அன்றே வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் அவர் பேரில் என்ன குற்றம், வாயிற்காவலர் கூப்பிட்டால் போகாமல் எப்படி இருப்பார்? அவருக்குக் கலனும் தெரியாது, காற்றும் தெரியாது. உண்டியல் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஆனால் அத்தான், நீங்கள் எழுதாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் நான் மூன்று வழிகளையும் சொன்னபோது முதல் வழியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை நீங்கள். "எவனோ ஒரு ஆள்காரன் கம்பெனியில சம்பளச் சீட்டு வாங்கற வயசா எனக்கு?" என்றீர்கள். அப்போது பக்கத்தில் அக்காவும் இருந்தாள். சுதந்திரமாக வேலை செய்கிறவர் என்ற பெயர் உங்களுக்கு வேண்டியிருந்தது. நான் அதை வாங்கிக் கொடுத்தேன். இப்போது ரசீதை என் முகத்தில் எறிகிறீர்கள்.

வரித் துறையின் விசாரணை விளையாட்டு இல்லை. நீங்கள் உண்மையில் ஊழியர்தான் என்று முடிவு செய்தால், புது விதிப்படி பழைய ஆண்டுகளையும் தோண்டுவார்கள். உங்களிடம் என்ன இருக்கிறது? அந்த வீடு ஒன்று. சென்ற மாதம் விசாரணை அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாற்றாள் அனுப்பலாம்னு ஒப்பந்தத்துல அழகா எழுதியிருக்கீங்க. எப்பவாவது அனுப்பியிருக்காரா?" நான் என்ன சொல்வது? அனுப்பவே இல்லை என்றால் அந்த விதி வெறும் எழுத்து. அது வெறும் எழுத்தானால் மொத்த ஒப்பந்தமும் வெறும் காகிதம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "அடுத்த ஷட்டவுன்ல அனுப்பறார் சார்" என்றேன்.

யாரை அனுப்புவது? உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரிந்தவர்களில் நான்கு பேரைக் கேட்டேன். ஒருவரும் வரவில்லை. என் மகள் சிட்டு போன ஆண்டு ஆய்வாளர் தேர்வில் தேறிவிட்டு, ஒரு சோதனைக்கூடத்தில் அடுத்தவர் அளந்ததைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். அவள்தான் கேட்டாள்: "நான் போறேம்ப்பா. மாமா இறங்கின கலன்ல இறங்கினேன்னு சொன்னா யாரும் என்னை மேசையில உக்கார வெக்க மாட்டாங்க." இதில் நான் எந்த இடத்தில் அரக்கன்?

என் மகளை நான் சாவுக்கு அனுப்புவேன் என்றா நினைக்கிறீர்கள்? வாயருகே நிற்கப் பயிற்சி பெற்ற ஆளை வெளியிலிருந்து ஏற்பாடு செய்கிறேன். மனுவில் இப்போது கையெழுத்திட முடியாது. விசாரணை முடியட்டும்.

அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அவளும் எழுத்தில்தான் பேசுவாளா?

உங்கள்,
மைத்துனன்


மார்ச் 19

இணை இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் பதில் கெடுவுக்கு ஒரு நாள் முன்பே வந்தது. நன்றி. அதில் ஒரு பத்தி உண்மை. முதல் வழியை நான் ஆணவத்தால் தள்ளினேன். அந்த ஆணவத்தின் கூலியை நான் கொடுக்கத் தயார். உங்கள் மகளைக் கொண்டு கொடுக்க நான் தயாராக இல்லை.

நீங்கள் சொல்லும் 'வெளியாள்' யார் என்று விசாரித்தேன். ஆலைக்கு வெளியே, வாயருகே நிற்கப் பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பும் நிறுவனங்கள் இரண்டு உள்ளன. இரண்டும் உங்களுக்கு மறுத்துவிட்டன. மீட்புக் கருவியும் காற்றுச் சோதனையும் ஆலையின் பொறுப்பில் இருந்தால்தான் ஆள் அனுப்புவார்களாம். உங்கள் ஒப்பந்தப்படி அவை ஆலையின் பொறுப்பில் இருக்கலாகாது. இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை.

ஆலைக்குப் போனேன். பார்வையாளர் அறையில் உட்காரவைத்தார்கள். ஒப்பந்தப் பிரிவு அதிகாரி வந்தார். என்னைவிட இளையவர், நல்லவர். எனக்குத் தேநீர் வரவழைக்கலாமா என்று யோசித்து, அது ஊழியர் உணவகத்துத் தேநீர் என்பதால் வரவழைக்காமல் விட்டார். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"சார், உங்களைத் தெரியாதா? நீங்க நடந்து வந்தா நான் எழுந்து நிக்கறவன். ஆனா வாசப்படியை அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்க வெச்சா, நாளைக்கு வரி ஆபீஸ்ல கேப்பாங்க: அவங்களைப் பாத்துக்கிட்டது யாருன்னு."

"பாத்துக்கிட்டா தப்பா?"

"தப்பு இல்ல சார். பாத்துக்கிட்டா அவங்க எங்க ஆளு. அப்ப வரி பிடிக்காம விட்டது நாங்க."

"ஆள் செத்தா?"

அவர் தம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க கம்பெனி ஆளு சார்" என்றார்.

ஆக, நான் ஊழியன் என்பதற்கு வரித் துறை தேடும் அடையாளங்கள் எவையோ, அவைதாம் இத்தனை ஆண்டுகளும் என்னை உயிரோடு வைத்திருந்தவை. அட்டை. பலகை. காற்றைச் சோதிப்பவர். தலைக்குமேல் ஒரு குரல், "சார், இருக்கீங்களா?" என்று அவ்வப்போது கேட்பது. நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். ஒவ்வொன்றையும் எடுத்தபோது என் சுதந்திரம் இன்னும் கொஞ்சம் நிரூபணமானது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் இங்கு வந்தாள். நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, நீங்கதான் என் பேரைச் சொன்னீங்கன்னு அப்பா சொன்னாரு" என்றாள். எனக்கு நீங்கள் எழுதியது, அவளே கேட்டாள் என்று.

"நான் சொல்லலை."

"அப்ப என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் வேலையில எனக்குச் சந்தேகம் இல்லை. வாசல்ல யாரு நிப்பாங்கன்னு கேக்கறேன்."

"யாராவது நிப்பாங்க. அவ்வளவு பெரிய ஆலையில ஆளுக்கா பஞ்சம்?"

"ஆள் இருக்காங்க. அவங்க நின்னா நீ அவங்க ஆளு ஆயிடுவே. அதனால நிக்க மாட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "இது என்ன மாமா, தொட்டா அவுட்டுங்கற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். உங்கள் அக்கா அடுக்களையிலிருந்து, "போகாதேடி" என்றாள். போகமாட்டேன் என்று எங்கள் இருவர் கையிலும் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் மகள் கிளம்பினாள்.

மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தாள். குரல் மாறியிருந்தது. "மாமா, நான் போகலைன்னா உங்க வீடு போயிடுமாமே. அப்பா எல்லாம் சொன்னாரு. நீங்க ஏன் சொல்லலை? நான் போறேன். அத்தைகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

இதைச் செய்தவர் நீங்கள். என்னைக் காப்பாற்றுகிறோம் என்று அவளை நம்பவைத்து, என் பெயராலேயே அவளை இறக்குகிறீர்கள். அதன் பிறகு அவள் என் அழைப்புகளை எடுப்பதில்லை.

நானே இறங்குகிறேன் என்று ஆலையிடம் சொன்னேன். ஏப்ரல் 12க்கு என் நிறுவனம் கொடுத்துள்ள பெயர் வேறு, அதனால் வாயிலில் நுழைவுச் சீட்டு அவள் பெயரில்தான் இருக்கும் என்றார்கள். தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு முறையிட்டேன். முறையீடு பதிவாகியுள்ளது, வரிசைப்படி கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. வரிசையில் என் முறைக்கு ஷட்டவுன் காத்திருக்காது.

எனவே இரண்டாவது மனு ஒன்றை இணைக்கிறேன். பெயரைத் திரும்பப் பெறுவதோடு, இந்த ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டு சம்பளப் பட்டியல் ஏற்பாட்டுக்கு மாறுவதாக அதில் உள்ளது. மாறிய நாளிலிருந்து ஆலை என்னைப் பார்த்துக்கொள்ளலாம். அட்டையும் வாசப்படியும் திரும்பிவிடும். ஷட்டவுனில் நானே இறங்குவேன். பழைய வரி என் தலையில் விழும் என்பது தெரியும். விழட்டும். உங்கள் அக்காவிடம் கேட்டுவிட்டேன். "வீடு போனா போகட்டும்னு அவன்கிட்ட எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

மார்ச் 28க்குள் கையெழுத்தோடு திரும்பி வரவேண்டும்.

இங்ஙனம்,
இயக்குநர்


ஏப்ரல் 1

அத்தானுக்கு,

கெடு தாண்டிவிட்டது. மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியாட்கள் மறுத்தது உண்மை. உங்களிடம் எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நான் ஏன் கையெழுத்திட முடியாது என்பதை இப்போதாவது ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். இது உங்கள் வீட்டோடு முடிகிற விஷயமாக இருந்தால் அக்காவின் வார்த்தைக்கு நான் அன்றே போட்டிருப்பேன். ஆலையில் உங்களைப் போலத் தனியாக வேலை செய்கிறவர்கள், வெல்டிங்காரர், சாரம் கட்டுகிறவர், கருவி திருத்துகிறவர், இன்னும் பலர், செப்டம்பரில் என்னிடம்தான் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தத்தைத்தான் பெயர் மாற்றிக் கொடுத்தேன். வரித் துறை சோதனைக்கு எடுத்துக்கொண்டது உங்களுடையதை. உங்கள் ஒப்பந்தத்தை நாமே கைவிட்டால், அது பொய்யென்று நாமே ஒப்புக்கொண்டதாகும். அப்புறம் அத்தனை பேர் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். தட்டிவிட்டு என்னிடம் வருவார்கள். கணக்குப் பார்க்கும் உரிமம் போகும். அதோடு நின்றால் அதிர்ஷ்டம். அவர்களில் ஒருவர் நேற்று என் அலுவலகத்துக்கு வந்து அரை மணி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். போகும்போது, "நீங்க சொன்னதாலதான் போட்டேன் சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

இன்னொன்று. விசாரணை அதிகாரி ஏப்ரல் 12 அன்று நேரில் வருகிறார். மாற்றாள் தன் பொறுப்பில்தான் வேலை செய்கிறாரா, ஆலைக்காரர்கள் ஏவுகிறார்களா என்று கலனருகே நின்று பார்க்கப் போகிறாராம். அதனால் ஆலை ஓர் உத்தரவு போட்டிருக்கிறது: அன்று சிட்டு இறங்கும் கலனின் மேடைக்கு ஆலை ஊழியர் எவரும் ஏறக்கூடாது. பேசக்கூடாது. அவள் கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது.

இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வாயருகே நானே நிற்கிறேன். நம் நிறுவனத்தின் இயக்குநர்தானே நான்? சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. வாயிற்காவலர் கூப்பிட்டாலும் போகமாட்டேன். வரி அதிகாரி கூப்பிட்டாலும் போகமாட்டேன். காற்றுச் சோதிக்கும் கருவி ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறேன். எப்படிப் பார்ப்பதென்று கடைக்காரர் காட்டிக்கொடுத்தார். பச்சை என்றால் இறங்கலாம். நிமிஷத்துக்கு ஒரு தரம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். கயிறும் வாங்கிவிட்டேன்.

பெற்ற அப்பனைவிடக் கவனமாக நிற்கிறவன் உலகத்தில் எவன் இருக்கிறான், நீங்களே சொல்லுங்கள். இனிமேலாவது 'ஐயா' என்று எழுதாதீர்கள். அது வரும் ஒவ்வொரு முறையும் சிட்டுவின் அம்மா கடிதத்தைப் பிடுங்கிப் படிக்கிறாள். அவளுக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

மைத்துனன்


ஏப்ரல் 6

மாப்பிள்ளை,

நீங்கள் கேட்டபடி 'ஐயா'வை விட்டுவிட்டேன். மற்றபடி என் நிலையில் மாற்றமில்லை.

வாயருகே நீங்கள் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதங்களில் என்னை அச்சுறுத்திய வாக்கியம் அது ஒன்றுதான். ஏன் என்று சொல்கிறேன். தயவுசெய்து நின்று படியுங்கள்.

கடைக்காரர் காட்டிக்கொடுத்த கருவியை வாயருகே பிடித்தால் பச்சை காட்டும். வாயருகே வெளிக்காற்று இருக்கிறது. அவள் வேலை செய்யப்போவது அடியில், தடுப்புத் தகடுகளுக்குக் கீழே. அங்கே நைட்ரஜன் தங்கியிருக்கும். பக்கத்துக் கலனிலிருந்து வரும் குழாயின் வால்வு சரியாக மூடாது, அதன் வழியே கசிந்து வரும். ஜனவரியில் அதைக் குறித்து எழுதிக்கொடுத்தேன். ஒப்பந்தத்துக்கு முன்பாக இருந்தால் வாசப்படியே அந்தக் குழாயைக் கழற்றி இரும்புத் தகட்டால் அடைக்கச் செய்துவிட்டுத்தான் என்னை இறங்கவிடுவார். இப்போது என் குறிப்பு 'வெளி நிறுவனத்தின் ஆலோசனை' என்று ஒரு கோப்பில் இருக்கிறது. அதை நிறைவேற்றினால், என் சொற்படி ஆலை நடந்தது என்றாகுமா, அல்லது ஆலையின் வேலையில் நான் ஓர் அங்கம் என்றாகுமா என்று இன்னும் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

அவள் அடியில் சாய்ந்தால் சத்தம் வராது. நீங்கள் கூப்பிடுவீர்கள். பதில் வராது. மறுபடி கூப்பிடுவீர்கள். கயிற்றை இழுப்பீர்கள். தடுப்புத் தகட்டில் கயிறு மாட்டிக்கொள்ளும். நேராக மேலே தூக்க அங்கே வழியில்லை. மேடையில் வேறெவரும் இருக்கமாட்டார்கள், ஏறக்கூடாது என்று உத்தரவு. வரி அதிகாரி கையில் கோப்போடு நிற்பார். அவருக்கும் ஒன்றும் புரியாது.

அப்போது நீங்கள் இறங்குவீர்கள்.

மறுக்காதீர்கள். என் தொழிலில் இப்படிப்பட்ட விபத்துகளை இரு முறை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் உள்ளே போனவர் ஒருவர், உயிரில்லாமல் வெளியே கொண்டுவரப்பட்டவர்கள் இருவர். இரண்டாமவர் வாயருகே நின்றவர். ஒன்றில் அவர், உள்ளே போனவரின் அண்ணன். அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள், இவனைவிடக் கவனமாக நிற்க எவன் இருக்கிறான் என்று. வாசப்படியிடம் ஒருமுறை கேட்டேன், "நான் உள்ள விழுந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று. அவர் சிரிக்கவில்லை. "சார், உங்கமேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இறங்க மாட்டேன். மணியை அடிச்சிட்டு நிப்பேன். அதுக்குத்தான் எனக்குப் பயிற்சி" என்றார். அவர் என் உறவினர் அல்லர். அதனால்தான் அவரை நம்பி இறங்கினேன்.

உங்கள் அலுவலகத்தில் அரை மணி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவரை நினைத்து வருந்துகிறேன். வெல்டிங்காரரையும் சாரம் கட்டுபவரையும் எனக்குப் பழக்கமுண்டு. அவர்களும் கலன்களில் இறங்குகிறவர்கள். அவர்களுக்கும் இதே ஒப்பந்தம் என்பதை உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். அவர்களைக் காப்பாற்றக் கையெழுத்திட மறுக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இறங்கும் கலன்களின் வாயருகே இப்போது யார் நிற்கிறார்கள் என்று ஒருவரையாவது கேட்டீர்களா? நான் நேற்று சாரம் கட்டுபவரைக் கேட்டேன். "என் சம்சாரம் ஒரு நாள் வந்தா சார்" என்றார். "உள்ள விடல."

சிட்டுவின் தாயாருக்குப் பாதி சொல்லியிருப்பதாக எழுதினீர்கள். மீதிப் பாதியைத் தானே சொல்லிவிடலாமா என்று உங்கள் அக்கா கேட்டாள். ஏப்ரல் 9 வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு அவளை நான் தடுக்கமாட்டேன்.

இரண்டாவது மனுவின் இன்னொரு படி இத்துடன் உள்ளது. அதில் கையெழுத்திட்டு அனுப்பினால் வேறெதுவும் எழுத வேண்டாம். விசாரணைக்கு நானே போகிறேன். ஒப்பந்தம் பொய்யென்று நானே சொல்கிறேன். அதை நான் வற்புறுத்தி எழுதச் சொன்னதாகவும் சொல்கிறேன். நீங்கள் மறுக்க வேண்டியதில்லை.

கையெழுத்திட விருப்பமில்லையென்றால், கீழ்க்காணும் கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள். விளக்கம் வேண்டாம், சப்பைக்கட்டு வேண்டாம். ஓர் எண் போதும்.

உங்கள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கலனுக்குள்ளிருந்து பதில் வராதபோது, நீங்கள் எத்தனை நிமிடம் வெளியிலேயே நிற்பீர்கள்?

ஏப்ரல் 9, மாலை ஐந்து மணிக்குள், எழுத்து மூலம், உங்கள் கையெழுத்தில்.

அத்தான்